அம்மாவுக்கு வந்த டிப்ரெஷன் எனக்கும் வருமா?

கேட்டவர் 29 வயதுப் பெண். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம், வேலை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில். ஐந்தாம் மாதக் கர்ப்பம். கணவருக்கு அமெரிக்க ஷிஃப்ட். அம்மாவுக்கு இரண்டு முறை டிப்ரெஷன் வந்து மருந்து சாப்பிட்டிருக்கிறார்: தம்பி பிறந்த பிறகு ஒரு முறை, அப்பா தவறியபோது ஒரு முறை. "இது ரத்தத்திலேயே இருக்குமா? எனக்கும் வருமா? யாருக்கெல்லாம் வரும்?" என்பது கேள்வி. கடைசி வரியில், "காலேஜ் கடைசி வருஷம் மூணு மாசம் நானும் ஒரு மாதிரி இருந்தேன், அது தானா சரியாயிடுச்சு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

உங்கள் கேள்வியில் மிகவும் கனமான வரி அந்தக் கடைசி வரிதான். அம்மாவைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு உங்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மனச்சோர்வு நோய் வரக்கூடிய வாய்ப்பைக் கணக்கிடும்போது, முன்பு ஒரு முறை நமக்கே வந்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குடும்ப வரலாறு அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். தமிழில் நாம் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் புழங்குகிறோம். ஆபீஸ் டெட்லைன், டிராஃபிக், மாமியார் பேச்சு இதனால் வரும் நெருக்கடியும் மன அழுத்தம். படுக்கையை விட்டு எழ முடியாத நோயும் மன அழுத்தம். இதனால் நடக்கும் கெடுதல் பெரிது. நோய் வந்தவரிடம் "எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் இங்கே நோயை மனச்சோர்வு என்றே எழுதுகிறேன். நெருக்கடி அந்த நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி, அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதம் மனச்சோர்வுதானா என்பதை நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்பார்கள். நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது ஆகிய இரண்டும் முதன்மையானவை. மற்றவை: தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசியோ எடையோ கண்டபடி மாறுவது, சும்மா இருந்தாலும் அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம். முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, மொத்தம் ஐந்தாவது, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏறக்குறைய தினமும் இருந்து, படிப்பையோ வேலையையோ பாதித்திருந்தால் அது மனச்சோர்வு. அன்று அரியர் விழுந்ததா, மெஸ்ஸுக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தீர்களா, அறைத்தோழி உங்களிடம் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பாருங்கள். பல வருடத்துக்கு முந்தைய மனநிலை மறந்துபோகும். இப்படிப்பட்ட சம்பவங்கள் மறக்காது.

இதில் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் மறுபடி வருகிறது. இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 70 சதவீதம், மூன்று முறை என்றால் சுமார் 90 சதவீதம் என்று பாடநூல்கள் சொல்லும். இவை பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனாலும் திசை சரி. முதல் முறை வருவதற்குப் பெரும்பாலும் ஓர் இழப்போ பெரிய அடியோ வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த முறைகளுக்குச் சிறிய உரசலே போதும். ஒரு முறை தீப்பிடித்த விறகு மறுபடி சீக்கிரம் பற்றுவதைப் போல. அதனால்தான் "தானா சரியாயிடுச்சு" என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம் என்கிறேன்.

இனி அம்மா. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மனச்சோர்வில் மரபின் பங்கு ஏறக்குறைய 37 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை "எனக்கு வருவதற்கு 37 சதவீதம் வாய்ப்பு" என்று படித்துவிடக் கூடாது; இணையத்தில் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணுவால் விளைகிறது என்பதற்கான எண் அது. உங்களுக்கு வேண்டிய எண் வேறு. பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு வாய்ப்பு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்திருந்தது. அதையே அடிப்படையாக வைத்து மூன்று மடங்கு போட்டாலும் நூற்றுக்குப் பதினைந்து. அம்மாவுக்கு இருந்தும் தங்களுக்கு வராதவர்கள் எண்பத்தைந்து பேர். இது தோராயக் கணக்குதான். அம்மாவுக்கு இளவயதிலேயே வந்ததும், திரும்ப வந்ததும் எண்ணை மேலே தள்ளும். ஆனாலும் "ரத்தத்தில் எழுதியிருக்கிறது" என்ற பயத்துக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரம் பெரிது.

"டிப்ரெஷன் ஜீன்" என்று தனியாக ஒன்று கிடையாது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணு வகை இருப்பவர்கள் நெருக்கடி வந்தால் எளிதில் விழுகிறார்கள் என்று 2003இல் வெளியான ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. இன்று தெரிவது, நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கடுகளவு பங்கு சேர்க்கின்றன என்பதே. ஆகவே எச்சிலை அனுப்பி "டிப்ரெஷன் ரிஸ்க்" பார்க்கும் டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அந்தப் பணத்துக்குப் பதில் ஒரு வெள்ளைத்தாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். மூன்று தலைமுறை எழுதுங்கள்: நீங்கள், உடன்பிறந்தோர், அம்மா, அப்பா, சித்தி, மாமா, அத்தை, பெரியப்பா, இரு பக்கத் தாத்தா பாட்டி. அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ "யாருக்காவது டிப்ரெஷன் இருந்ததா?" என்று கேட்டால் "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேட்க வேண்டும். யாராவது பிள்ளை பெற்ற பிறகு "ஒரு மாதிரி" ஆகி, மந்திரிக்கக் கூட்டிப்போனார்களா? யாராவது வேலையை விட்டு வருடக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார்களா? குடித்தே அழிந்தவர் உண்டா? சில மாதம் தூங்காமல், கைக்கு வந்தபடி செலவு செய்து, ஊரையே விலைபேசிவிட்டு, பிறகு மூலையில் முடங்கியவர் உண்டா? "தீராத வயிற்றுவலி"யால் இறந்தவர் என்று யாரையாவது சொல்கிறார்களா? கடைசியாகச் சொன்ன வார்த்தை நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் காவல்நிலையப் பதிவுகளிலும் எதை மறைக்கப் பயன்பட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தற்கொலையும் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டிய ஒன்று. யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை, மருத்துவர் அறிவதற்காக.

அந்த நான்காவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடவே கூடாது. அது இருதுருவ மனநோயாக, அதாவது பைபோலாராக இருக்கலாம். அந்தக் குடும்ப வரலாறு இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்த்திசையில் பொங்கிவிட வாய்ப்பு உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனப்பிறழ்வும் இவர்களுக்கே அதிகம் வருகிறது. அம்மாவுக்கு எந்த மாத்திரை, எந்த அளவில் கேட்டது என்பதையும் தாளில் குறியுங்கள். பழைய சீட்டு இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆபத்துக் காரணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் நோயாகின்றன. ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலானவர்கள் தாங்கிவிடுவார்கள். 1970களில் லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெரிய இழப்பு நேர்ந்த எல்லாப் பெண்களும் நோயில் விழவில்லை. மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று அல்லது அதற்கு மேல், வெளியே வேலை இல்லாதது, 11 வயதுக்கு முன் தாயை இழந்தது ஆகியவை இருந்தவர்கள்தான் எளிதில் விழுந்தார்கள். நம் ஊர்க் கணக்கும் இதிலிருந்து விலகிப் போகவில்லை. கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரத்தில் 252 தாய்மாரில் 59 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவனுடன் உறவு சரியில்லாமை, பெண் குழந்தை பிறந்ததில் வீட்டாருக்கு மனக்குறை ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. அந்த 59 பேரில் பெரும்பாலானவர்கள் கர்ப்பமாக இருந்தபோதே மனம் நொந்திருந்தவர்கள். எனவே "பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று இருக்க வேண்டாம். பார்க்க வேண்டிய காலம் இப்போதே தொடங்கிவிட்டது.

பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. அந்த வித்தியாசம் பருவ வயதில் தொடங்குகிறது. சிறுவயதில் அடி, பாலியல் சீண்டல், வீட்டில் குடி, பெற்றோர் சண்டை ஆகியவை அடுக்க அடுக்க வாய்ப்பு ஏறும். கடன், வீட்டு அட்வான்ஸுக்கு வாங்கிய கைமாற்று, வேலை போகும் பயம், வேலையில் சுமை அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருப்பது, நாட்பட்ட உடல்வலி, சர்க்கரை நோய், நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாமே பட்டியலில் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்களே டிக் அடித்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் நான் நின்று பேச விரும்புவது இரண்டைப் பற்றி. இரண்டும் மாற்றக்கூடியவை.

ஒன்று தூக்கம். தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டுமில்லை, அதற்கு முன்னோடியும்கூட. மனச்சோர்வு இல்லாமல் தூக்கம் மட்டும் கெட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நன்றாகத் தூங்குபவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பால் கொடுக்கும்போது மொத்தத் தூக்கம் ஏழு மணி நேரம் வந்தாலும் துண்டுதுண்டாகத்தான் வரும். நீங்கள் காப்பாற்ற வேண்டியது தொடர்ச்சியாக 4 முதல் 5 மணி நேரம் உள்ள ஒரே ஒரு துண்டு. கணவர் மாலை ஆறரைக்கு லாகின் செய்து அதிகாலை மூன்றரைக்கு முடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே முக்காலுக்கு நீங்கள் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை அவரிடம் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, அழுதால் தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில் வரும் ஒரு வேளைக்குப் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். அறை வெப்பத்தில் அது 4 மணி நேரம் வரை இருக்கும், ஃப்ரிட்ஜின் உட்புறத்தில் 4 நாள் வரை. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் சூடு ஏறி இறங்கும், வேண்டாம். பால் சுரப்பு நிலைப்படும் முதல் மூன்று நான்கு வாரம் பீய்ச்ச வேண்டாம் என்றால், குழந்தையை உங்களிடம் கொண்டுவந்து பால் குடிக்க வைத்து உடனே எடுத்துப்போக ஓர் ஆள் இருந்தால் போதும். எட்டரை மணிக்கு நீங்கள் எழுந்ததும் அவர் தூங்கப் போகட்டும். அவரும் தூங்கியாக வேண்டும்: குழந்தை பிறந்த வீட்டில் பத்துத் தகப்பன்மாரில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் வரும்.

அந்த "ஓர் ஆள்" உங்கள் அம்மாதான் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவருக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, அதில் ஒன்று பிரசவத்துக்குப் பின். ராத்திரி முழுக்க அவரைக் கண்விழிக்க விட்டால் அவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டுகிறீர்கள். பகல் பொறுப்பு அம்மாவுக்கு, இரவுக்குக் கூலிக்கு ஆளோ சித்தியோ மாமியாரோ முறை வைத்து என்று இப்போதே பேசிவிடுங்கள். அவர் இன்னும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பேரப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மனம்விட்டுப் பேச ஓர் ஆள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் மாதிரி பழைய தமிழ்க் குடியிருப்புகளில் வாசலில் உட்கார்ந்தால் பேச்சுத்துணை தானாக வந்துவிடும். எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்டில் பதினோராம் மாடியில் எதிர் வீட்டுக் கதவு திறப்பதே அபூர்வம். கன்னடம் வராது, கணவர் பகலில் தூங்குகிறார், வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போவதும் கர்ப்பத்தோடு நின்றுவிட்டது. வாட்ஸாப் குரூப்பில் 200 பேர் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. "இன்னைக்கு எனக்குப் பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கல" என்று கூசாமல் சொல்லக்கூடிய ஒரே ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் பெயர் உங்கள் மனதில் உடனே வரவில்லை என்றால், அந்த வெற்றிடம்தான் நீங்கள் முதலில் நிரப்ப வேண்டிய ஆபத்துக் காரணி.

இப்போது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவீர்கள். பிரசவமாகி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை காரணமில்லாமல் அழுகை வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது வேறு. ஊரில் சுற்றிலும் ஆட்கள் இருப்பதால் முதல் மாதங்கள் ஓடிவிடும். நான்காம் ஐந்தாம் மாதத்தைத்தான் நான் சிவப்பில் வட்டமிடச் சொல்வேன். 26 வார மகப்பேறு விடுப்பில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் எடுத்திருந்தால் பின்னால் 18 வாரமே மிஞ்சும். பெங்களூர் திரும்புவது, அம்மா ஊருக்குப் போவது, ஆபீஸில் சேர்வது, கிரெஷ் தேடுவது நான்கும் ஒரே மாதத்தில் விழும். பிரசவத்துக்குப் பின் நூற்றில் ஐந்து பெண்களுக்கு வரும் தைராய்டு அழற்சி, சுரப்பு குறைந்து சோர்வாக வெளிப்படுவதும் பெரும்பாலும் நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள். இந்த நான்கில் ஒன்றையாவது தள்ளிப்போடுங்கள்: அம்மாவோ மாமியாரோ வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒரு மாதம் இருக்கட்டும், அல்லது விடுப்பைப் பிரசவத்துக்கு மிக அருகில் தொடங்குங்கள்.

உடலைப் பொறுத்தவரை, சோர்வாக இருந்தால் டி.எஸ்.எச் (தைராய்டு டெஸ்ட்), ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோ அமிலக் குறைப்பு மாத்திரையோ நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும். ஸ்டீராய்டு மாத்திரையும் மனநிலையைக் குலைக்கும். வைட்டமின் டி-யை மனச்சோர்வுத் தடுப்பு மருந்து என்று விற்பார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட 18,000 பேரிடம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, அது மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2020இல் சொல்லிவிட்டது. எலும்புக்குத் தேவையென்றால் சாப்பிடுங்கள். நடப்பதற்கு அதைவிட ஆதாரம் உண்டு: நார்வேயில் சுமார் 34,000 பேரை 11 வருடம் கவனித்த ஆய்வில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உடல் அசைத்தவர்களுக்கே குறைவாக வந்தது. மகப்பேறு மருத்துவர் சம்மதித்தால் நடக்கத் தொடங்குங்கள்.

வராமல் தடுக்க வழி உண்டா என்றால், உண்டு. உங்களைப் போல ஆபத்துக் காரணிகள் அடுக்கியிருக்கும் கர்ப்பிணிகளுக்கு நோய் வருவதற்கு முன்பே பேச்சுவழிச் சிகிச்சை தர வேண்டும் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2019இல் பரிந்துரைத்தது. அதற்கு ஆதாரமாக எடுத்த ஆய்வுகளில் நோய் வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆலோசகரிடம் போகும்போது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலோ (CBT) உறவு சார்ந்த சிகிச்சையிலோ பயிற்சி உண்டா என்று கேளுங்கள். வெறும் ஆறுதலும் அறிவுரையும் போதாது. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் பேறுகால மனநலத்துக்கென்றே தனிப் பிரிவும், தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் வார்டும் இருக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து தினமும் ஆட்கள் வரும் இடம் என்பதால் தமிழில் பேசத் தயங்க வேண்டாம். வீட்டிலிருந்தே பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

அளந்து பார்க்க, பேறுகால மனச்சோர்வுக்கான எடின்பரோ கேள்வித்தாளைப் பயன்படுத்துங்கள். தமிழில் கிடைக்கிறது. கடந்த ஏழு நாளைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். நாள் மறக்காமல் இருக்கத் தடுப்பூசியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: இப்போது ஒரு முறை, 6ஆம் வார ஊசியன்று, 14ஆம் வார ஊசியன்று, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரத்தில் ஒரு முறை. 10 முதல் 12 வந்தால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போடுங்கள். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். மாத்திரை தேவைப்பட்டாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதில்லை. பாலூட்டும்போது மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் செர்ட்ரலின் மிகக் குறைந்த அளவே பாலில் சேர்கிறது. வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "கேக்கல" என்று நிறுத்துவதும், மூன்றாம் மாதம் "நல்லாயிட்டேன்" என்று நிறுத்துவதும்தான் அதிகம் நடக்கும் தவறுகள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

கணவரிடம் மட்டும் ஒன்று தனியாகச் சொல்லி வையுங்கள். பிரசவமான முதல் இரண்டு மூன்று வாரத்தில் நீங்கள் இரண்டு இரவு தூங்காமலேயே சுறுசுறுப்பாக இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள், குழந்தைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று சொன்னாலோ, ஊரார் மந்திரிக்கச் சொன்னாலும் அவர் காத்திருக்கக் கூடாது. முன்பு சொன்ன தீவிர மனப்பிறழ்வு இதுதான், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருவது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். உங்களையும் குழந்தையையும் தனியாக விடாமல் அழைத்துப்போகட்டும்.

அந்த மூன்று தலைமுறைத் தாளின் மேலே, அம்மாவின் பெயருக்கும் முன்னால், "காலேஜ் கடைசி வருடம், 3 மாதம்" என்று எழுதி ஸ்கேன் ஃபைலில் வையுங்கள். அடுத்த செக்கப்பில் மகப்பேறு மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து நீட்டுங்கள்.